வாக்குமூலம் பதிபவருக்கு என்ன கற்பிப்பது? நிலைமாறுகால நீதிப் பணியாளர் பயிற்சி குறித்து

போரோ கொடுங்கோலாட்சியோ முடிவுக்கு வந்த ஒரு நாடு, நடந்த கொடுமைகளுக்குப் பொறுப்புக்கூறும் வழிமுறைகளின் தொகுப்பையே நிலைமாறுகால நீதி என்கிறோம். உண்மையை வெளிக்கொணர்தல், குற்றவாளிகளை வழக்கில் நிறுத்துதல், இழப்பீடு, மீண்டும் நிகழாமைக்கான சீர்திருத்தம் ஆகியவை அதன் தூண்கள் எனப்படும். இத்துறைப் பணியாளர்களுக்கான பயிற்சி வகுப்புகள் இன்று பல நாடுகளில் நடைபெறுகின்றன. பன்னாட்டுச் சட்டம், ஆணைக்குழுக்களின் வரலாறு, பொதுமன்னிப்பு குறித்த விவாதம் என அவற்றின் பாடத்திட்டம் பெரும்பாலும் மேலிருந்தே தொடங்குகிறது. ஆனால், பாதிக்கப்பட்டவர் முதலில் சந்திப்பது ஆணையரை அன்று. படிவத்துடன் அமர்ந்திருக்கும் பதிவாளரையே. அவருக்கு என்ன கற்பிக்கப்படுகிறது என்பதே நம் கேள்வி.

தென்னாப்பிரிக்காவில் 1995ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்து, டெஸ்மண்ட் டுட்டு தலைமையில் இயங்கிய உண்மை மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு ஏறத்தாழ 21,000 வாக்குமூலங்களைப் பெற்றது. பொது அமர்வில் பேச வாய்ப்புக் கிடைத்தவர்கள் அவர்களுள் சுமார் பத்தில் ஒரு பங்கினரே. எஞ்சியோருக்கு அந்தப் பதிவாளர்தான் ஆணைக்குழு.

பதிவாளரின் கையிலிருந்த படிவம் பலமுறை மாற்றப்பட்டது. தொடக்கத்தில் கதையாகச் சொல்ல இடமிருந்தது. கணினித் தரவுத்தளத்தின் தேவைகள் முன்னுக்கு வந்தபோது, குற்ற வகை, நாள், இடம், குற்றமிழைத்தவர் எனக் கட்டங்கள் பெருகின. வாழ்க்கைக் கதை துண்டுகளாக்கப்பட்டதை மானுடவியலாளர் ரிச்சர்ட் வில்சன் கடுமையாக விமர்சித்தார். விமர்சனம் நியாயமானது. எனினும், கட்டங்கள் இன்றி ஆயிரக்கணக்கான குற்றங்களின் ஒழுங்கமைவை நிறுவ முடியாது என்பதையும் நாம் மறுக்க இயலாது. இரண்டையும் கையாளத் தெரிந்த பதிவாளரை உருவாக்குவதே பயிற்சியின் கடினமான பகுதி.

பெண்களின் வாக்குமூலங்கள் இதை வெளிச்சமிட்டுக் காட்டின. வாக்குமூலம் அளித்தவர்களுள் பாதிக்கும் மேற்பட்டோர் பெண்கள். ஆயினும் அவர்களுள் பலர் மகனுக்கும் கணவனுக்கும் நேர்ந்ததையே கூறினர். தமக்கு நேர்ந்ததைக் கூறவில்லை. இக்குறையை பெத் கோல்ட்பிளாட், ஷீலா மைன்ட்ஜெஸ் ஆகிய ஆய்வாளர்கள் 1996இல் ஆணைக்குழுவின் முன் வைத்தனர். பெண்களுக்கெனத் தனி அமர்வுகள் நடத்தப்பட்டன. உங்களுக்கு நேர்ந்ததையும் சொல்ல மறவாதீர்கள் என்னும் பொருள்படும் குறிப்பு ஒன்றும் படிவத்தில் சேர்க்கப்பட்டது. ஒரு குறிப்பைச் சேர்ப்பது எளிது. அதைப் படித்துக் காட்டிய பின் வரும் மௌனத்தில் என்ன செய்வது என்பதைப் பதிவாளர் பழகித்தான் அறியவேண்டும். உண்மையறியும் குழுக்களுடன் ஊர்களுக்குச் சென்ற வாசகர்களுக்கு அந்த மௌனம் புதிதன்று.

மொழிபெயர்ப்பாளர்களின் நிலை இன்னும் கடினமானது. அப்போது 11 ஆட்சிமொழிகள் கொண்டிருந்த நாட்டில், ஃப்ரீ ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் மொழிப் பிரிவு குறுகிய காலத்தில் அவர்களைப் பயிற்றுவித்தது. உடனுக்குடன் மொழிபெயர்க்கும் முறைப்படி அவர்கள் தன்மையிலேயே பேசவேண்டியிருந்தது. மகனை இழந்த தாய்க்காகவும் ‘நான்’. கொன்ற காவலருக்காகவும் ‘நான்’. அதனால் ஏற்பட்ட மனக்காயங்களைப் பலர் பின்னர் வெளிப்படையாகப் பேசினர். தம் மக்களின் துயரத்தையே மொழிபெயர்ப்பவருக்கு உளவியல் ஆதரவு சலுகையன்று. பணிக்கான அடிப்படைக் கருவி.

1986 மார்ச் 3 அன்று கேப்டவுனின் குகுலேத்து பகுதியில் காவல்துறை ஏழு இளைஞர்களைச் சுட்டுக் கொன்றது. அவர்களுள் ஒருவரின் தாயான திருமதி கொனிலே 1996இல் கோசா மொழியில் சாட்சியமளித்தார். ஆங்கிலப் பதிவில் அது தொடர்பற்ற பேச்சாகத் தோன்றியது: ஆடு வரும் கனவு, நிலக்கரி பொறுக்கச் சென்ற இடத்தில் உருண்டு விழுந்த பாறை. அண்ட்ஜி க்ரோக், நொசிசி ம்போல்வெனி, கொபானோ ராடெலே ஆகிய மூவர் மூல ஒலிப்பதிவுக்குத் திரும்பினர், மீண்டும் மொழிபெயர்த்தனர், அவரது ஊருக்கே சென்று சந்தித்தனர். மொழிபெயர்ப்பில் விடுபட்டவையும் பிழைகளும் தெரியவந்தன. அவரது பண்பாட்டில் ஆடு மூதாதையருடன் தொடர்புடையது. கனவு தீச்செய்தியின் முன்னறிவிப்பு. அவர் பேச்சு ஒழுங்குடனேயே இருந்தது. அவர்களின் நூல் வெளிவந்தது 2009இல். ஆணைக்குழுவோ தன் அறிக்கையை 1998இலேயே அளித்திருந்தது.

இலங்கையில் காணாமல் போனோர் குறித்து விசாரிக்க 2013இல் அமைந்த பரணகம ஆணைக்குழுவின் அமர்வுகளிலும், தமிழில் பேசிய தாய்மாரின் சொற்கள் சரியாக மொழிபெயர்க்கப்படவில்லை என்ற குற்றச்சாட்டு எழுந்தது.

மாற்றுவழிக்கு அர்ஜென்டினாவைப் பார்க்கலாம். இராணுவ ஆட்சி 1983இல் வீழ்ந்தபின், அடையாளமற்ற புதைகுழிகள் புல்டோசர்களால் தோண்டப்பட்டு எலும்புகள் உடைந்து கலந்தன. 1984இல் வந்த அமெரிக்கத் தடயவியல் மானுடவியலாளர் கிளைட் ஸ்னோவுக்கு உதவ முன்வந்தவர்கள் மானுடவியல், தொல்லியல், மருத்துவம் பயின்ற மாணவர்கள். அவர்கள் கற்றது குழியின் ஓரத்தில், தூரிகையும் கரண்டியும் பிடித்து. குழுவாக அமைந்த பின்னர் தமக்கென ஒரு முறையையும் வகுத்தனர்: தோண்டுமுன் குடும்பத்தாருடன் நீண்ட உரையாடல், பழைய எலும்பு முறிவு, பல் சிகிச்சை, கடைசியாகக் காணப்பட்ட இடம் என எல்லாவற்றையும் கேட்டறிதல், கண்டதை முதலில் குடும்பத்தாரிடம் கூறுதல்.

ஸ்னோவும் அக்குழுவினரும் குவாத்தமாலாவிலும் இளைஞர்களைப் பயிற்றுவித்தனர். 1990களின் தொடக்கத்தில் அங்கும் ஓர் உள்நாட்டுத் தடயவியல் குழு உருவாயிற்று. மாயா இக்சில் மக்களுக்கு எதிரான இனப்படுகொலை வழக்கில் முன்னாள் ஆட்சியாளர் ரியோஸ் மோன்ட் 2013 மே 10 அன்று தண்டிக்கப்பட்டபோது, அகழ்ந்தெடுத்த எலும்புகள் பற்றி நிபுணர் சாட்சியம் அளித்தவர்கள் அந்நாட்டவர்களே. பத்தே நாளில் அரசமைப்பு நீதிமன்றம் அத்தீர்ப்பை ரத்துசெய்தது. குழு தன் அகழ்வுப் பணியை நிறுத்தவில்லை.