போகாத கடிதமும் பொறுப்பேற்காத குரலும்

கடிதம் ஒன்று வந்து சேரவில்லையென்றால் யாரைப் போய்க் கேட்பது என்கிற சந்தேகம் நம்முடைய பாட்டனார் காலத்து மனிதருக்கு எழுந்ததேயில்லை. தூரம் எவ்வளவானாலும் ஒரே கட்டணம் என்ற ஏற்பாட்டோடு அரையணாத் தபால் தலை இந்தத் தேசத்தில் 1854-ஆம் வருஷம் அக்டோபர் முதல் தேதி நடைமுறைக்கு வந்தது. அதன் பின் தபாலாபீஸ் ஊரின் ஓர் அங்கமாயிற்று. அதன் ஜன்னலுக்கு அப்பால் போஸ்ட்மாஸ்டர் என்ற ஒருவர் அமர்ந்திருந்தார். விலாசதாரர் அகப்படாத கடிதம் ஊர் ஊராய் அலைந்து, இறுதியில் டெட் லெட்டர் ஆபீஸை அடைந்து, அங்கே பிரிக்கப்பட்டு, எழுதியவருக்கே திரும்பி வந்தாலும், அதன் முதுகில் விழுந்திருக்கும் முத்திரைகளை வரிசையாகப் படித்தால் அது போன வழியும் நின்ற இடமும் விளங்கிவிடும். போஸ்ட்மாஸ்டர் சிடுசிடுப்பானவராக இருக்கலாம். ஆனால் அவர் ஊரறிந்த மனிதர், கேட்டால் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்.

மின்னஞ்சலை உருவாக்கிய அமெரிக்கப் பொறியாளர்கள் இந்தத் தபால் தர்மத்தை மறந்துவிடவில்லை. 1971-இல் ரே டாம்லின்ஸன் என்பவர் பக்கத்துப் பக்கத்தில் நின்ற இரண்டு கணினிகளுக்கிடையே வலைப்பின்னல் வழியாக முதல் செய்தியை அனுப்பியபோது விதிகளென்று பெரிதாக ஏதுமில்லை. 1982 ஆகஸ்டில் ஜான் போஸ்டல் அஞ்சற் பரிமாற்றத்துக்கான எஸ்.எம்.டி.பி. விதிகளை எழுதி வெளியிட்டபோதோ, கடிதம் போகாவிட்டால் அந்தச் செய்தி அனுப்பியவருக்குத் திரும்ப வேண்டும், மறுப்பதற்கு ஒரு காரண எண் இருக்க வேண்டும் என்றெல்லாம் ஒழுங்குகள் ஏற்பட்டன. பெட்டி கிடைக்கவில்லையென்றால் 550 என்பது போன்ற எண்கள் பழைய தபால் முத்திரைகளின் ஸ்தானத்தை வகித்தன. இவற்றையெல்லாம்விட நம் கவனத்துக்குரியது வேறொரு விதி: கடிதம் வாங்கும் ஒவ்வொரு ஸ்தாபனத்திலும் ‘போஸ்ட்மாஸ்டர்’ என்ற பெயரில் ஒரு முகவரி அவசியம் இருந்தே தீர வேண்டும்.

நம் நாட்டில் 1986-இல் மத்திய அரசின் மின்னணுவியல் துறை, ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் உதவியோடு எர்நெட் என்ற கல்வி வலைப்பின்னலைத் தொடங்கியது. சென்னை ஐ.ஐ.டி. உள்ளிட்ட சில உயர்கல்வி நிலையங்கள் அதில் உறுப்பினராயிருந்தன. அங்கே கடிதம் எழுதியவர்களும் கடிதப் பொறியைக் காத்தவர்களும் பெரும்பாலும் ஒரே வளாகத்தில் இருந்தவர்கள். ஆகையால் கோளாறென்றால் போய்க் கதவைத் தட்டினால் போதும்.

சாமானிய வீடுகளுக்கு இந்தப் பாக்கியம் 1995 ஆகஸ்டு 15 அன்று, விதேஷ் சஞ்சார் நிகம் என்ற அரசு நிறுவனத்தின் மூலமாகக் கிட்டியது. சென்னையும் அதன் முதல் நகரங்களில் ஒன்று. தனிநபருக்கு 250 மணி நேரத்துக்கு 5,000 ரூபாய். வேகம் விநாடிக்கு 9.6 கிலோபிட். சேவை தொடங்கிய சில நாட்களிலேயே கூட்டம் தாங்காமல் இணைப்புகள் திணறின. அப்போது நிறுவனத் தலைவராயிருந்த பி.கே. சிங்கால், தேவையைச் சரியாகக் கணிக்கவில்லை, வாங்கிய மோடங்களின் தரம் போதவில்லை, இணைப்புத் தடங்களும் குறைவு என்று தாமே பகிரங்கமாக ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கோரினார். தவறு நேர்ந்தது என்னவோ உண்மைதான். ஆனால் ‘நான் பொறுப்பு’ என்று சொல்ல அன்று உச்சியில் ஒரு மனிதர் இருந்தார்.

அந்த நாளைய அவஸ்தைகளுள் ஒன்றைச் சற்று அருகில் வைத்துப் பார்ப்போம். காலையில் கணினியைத் திறந்ததும் நேற்று வந்த அதே பதினைந்து கடிதங்கள் மறுபடியும் வந்து குவியும், நாளையும் குவியும். மாயமோ என்று மலைத்தவர் பலர். விஷயம் என்னவென்றால், வீட்டுக்குக் கடிதத்தைக் கொண்டுவரும் பாப்-3 என்ற முறையில், கடிதத்தை எடுத்துக்கொண்டு ‘இதை நீக்கிவிடு’ என்று சொன்ன மாத்திரத்தில் அது நீங்கிவிடாது; எல்லாம் முடிந்து ‘விடைபெறுகிறேன்’ என்று முறைப்படி சொன்ன பிறகே அஞ்சல் நிலையம் அவற்றை அழிக்கும். கடைசிக் கடிதத்தோடு உறவினர் ஒருவர் ஒரு மெகாபைட் புகைப்படத்தை இணைத்திருப்பார். இணைப்புக் கோப்புகள் அஞ்சலுக்கென்று எழுத்துகளாக மாற்றப்படும்போது மூன்றிலொரு பங்கு பருத்துவிடுமாதலால், 9.6 கிலோபிட் வேகத்தில் அதை இறக்க ஏறக்குறைய இருபது நிமிஷங்கள் பிடிக்கும். அதற்குள் மழையிலோ, வேறு எவராவது கூடத்தில் இருக்கும் தொலைபேசியை எடுத்ததிலோ லைன் அறுந்துபோகும். விடைபெறாமல் போன விருந்தாளியை வராதவராகவே பாவித்து, அஞ்சல் நிலையம் பதினைந்தையும் அப்படியே வைத்திருக்கும். விவரமறிந்த இளைஞர்கள் அந்த நிலையத்தின் 110-ஆம் எண் போர்ட் என்ற வாயிலோடு நேராகத் தொடர்புகொண்டு, பெரிய கடிதத்தை மட்டும் கையாலேயே நீக்கிவிட்டு வருவார்கள். தெருவுக்கு ஒருவர் அப்படி இருந்தார். வீட்டு மின்னஞ்சலின் முதல் வைத்தியர்கள் அவர்களே.

1998 நவம்பரில் தனியாருக்கும் இத்துறை திறந்துவிடப்பட, சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட சத்யம் இன்ஃபோவே முதல் தனியார் சேவையைத் தொடங்கிற்று. போட்டியால் கட்டணம் இறங்கியது; ஜனங்கள் பெருகினார்கள்; கூடவே குப்பை அஞ்சலும் பெருகியது. கடிதம் அனுப்பும் 25-ஆம் எண் போர்ட்டில் வருபவர் யாரென்று ஆதியில் எவரும் விசாரித்ததில்லையாகையால், விளம்பரக்காரர்கள் அதைப் பொதுச் சத்திரமாக்கிவிட்டனர். இதற்குப் பரிகாரமாக 1998 டிசம்பரில், வீட்டிலிருந்து புறப்படும் கடிதங்களுக்கென்று 587-ஆம் எண் போர்ட் தனியே ஒதுக்கப்பட்டது. 1999 மார்ச்சில் அனுப்புகிறவர் தம் பெயரையும் கடவுச்சொல்லையும் காட்டி நுழையும் முறையும் வகுக்கப்பட்டது. பின்னர் உலகெங்கும் இணைய நிறுவனங்கள் பல, வீட்டு இணைப்புகளில் 25-ஆம் எண்ணை அடைத்துவிட்டன. அடைத்தது நியாயமே, அடைத்த செய்தி வீட்டுக்காரருக்கு எட்டியதா என்பதே கேள்வி.

பிராட்பேண்ட் பரவிய நாட்களில், எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர், வெளியூர் மகளுக்கு எழுதிய கடிதம் மூன்று நாளாக அவுட்பாக்ஸை விட்டு நகரவில்லையென்று என்னைக் கூப்பிட்டனுப்பினார். நான் போனபோது அவர் தம் இணைய நிறுவனத்தின் உதவி எண்ணோடு பேசிக்கொண்டிருந்தார்.

“தம்பி, வர்றதெல்லாம் ஒழுங்கா வருது, போறதுதான் போக மாட்டேங்குது.”

“சார், மோடத்தை ஒரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க.”

“நேத்தே பண்ணியாச்சு. முந்தாநாளும் பண்ணினேன்.”

“இப்ப நெட் வருதா சார்?”

“நெட் வருதுப்பா.”

“அப்படின்னா எங்க பக்கம் ஒண்ணும் பிரச்னை இல்லை சார். வேற ஏதாவது உதவி வேணுமா?”

தலைமையாசிரியர் சொன்ன முதல் வாக்கியத்திலேயே நோயின் நாடி இருந்தது. வருவதற்கு ஒரு வாயில், போவதற்கு வேறொரு வாயில். ஒன்று திறந்து மற்றொன்று மூடியிருந்தால் மூடிய வாயிலைப் பார்ப்பதல்லவோ முறை? அனுப்பும் அமைப்பில் 25 என்றிருந்ததை 587 என்று மாற்றி, கடவுச்சொல் கேட்கும் கட்டத்தில் ஒரு குறியிட்டதும், மூன்று நாட்கள் முடங்கிக் கிடந்த கடிதம் நொடியில் புறப்பட்டது. உதவி எண்ணில் பேசிய அந்தப் பையனை நான் குறை சொல்லமாட்டேன். அவன் கையில் கொடுக்கப்பட்டிருந்த கேள்விப் பட்டியலில், அவனுடைய நிறுவனமே அடைத்து வைத்திருந்த வாயிலைப் பற்றி ஒரு வரிகூட இருந்திராது. அறிவு ஓரிடத்திலும் குரல் வேறோரிடத்திலுமாகப் பிரிந்துபோனதே இந்தச் சரித்திரத்தின் சாரம். ஆயிரம் பேருக்குப் பதில் சொன்னவர் பொறியை அறிந்தவராக இருந்தார். கோடிப் பேருக்குப் பதில் சொல்ல நேர்ந்தபோது, பொறியை அறியாதவரிடம் ஒரு காகிதத்தைக் கொடுத்து உட்காரவைப்பது மலிவாயிற்று.

பிரிந்ததை ஒட்டவைக்கச் சட்டம் முயலாமலில்லை. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2007-இல் குறைதீர்ப்புக்கு மூன்று படிகளை வகுத்தது. 2012-இல் அவற்றை இரண்டாகச் சுருக்கி, ஒவ்வொரு புகாருக்கும் ஓர் எண் கொடுக்கப்பட வேண்டும், திருப்தியில்லாதவர் மேல்முறையீடு செய்யலாம் என்று விதித்தது. தொலைபேசித் தகராறுகளை நுகர்வோர் மன்றம் விசாரிக்கலாகாதென்று 2009-இல் உச்ச நீதிமன்றம் 1885-ஆம் வருஷத்துத் தந்திச் சட்டத்தைக் காட்டித் தீர்ப்பளித்திருந்தது. தொலைத்தொடர்புச் சேவையின் குறைபாட்டுக்காக நுகர்வோர் மன்றத்தை நாட அந்தச் சட்டம் தடையாகாதென்று 2022 பிப்ரவரியில் அதே நீதிமன்றம் அறிவித்தது.

ஆகவே வாசகர்கள் தொலைபேசியை எடுக்குமுன் இரண்டு காரியங்களைச் செய்வது நலம்: கடிதம் வரவில்லையா போகவில்லையா என்று பிரித்தறிவது ஒன்று, திரும்பி வந்த செய்தியில் உள்ள மூன்றிலக்க எண்ணைக் குறித்துக்கொள்வது மற்றொன்று. பேசி முடிக்குமுன் புகார் எண்ணைக் கேட்டு வாங்காமல் வைத்துவிடாதீர்கள். அதுவும் பலிக்காவிட்டால் போஸ்ட்மாஸ்டருக்கு ஒரு வரி எழுதிப் பாருங்கள். 2008-இல் அஞ்சல் விதிகளைத் திருத்தி வெளியிட்டபோதும், அந்தப் பெயரில் ஒரு முகவரி இருந்தே தீர வேண்டுமென்ற பழைய விதி நீக்கப்படவில்லை.