சிரோசிஸ்

கல்லீரல் முழுக்கத் தழும்பேறி, முண்டும் முடிச்சுமாகக் கெட்டிப்பட்டுப் போவதற்கு மருத்துவர்கள் சொல்லும் பெயர் சிரோசிஸ். பெயரில் தழும்பும் இல்லை, இறுக்கமும் இல்லை, நிறம்தான் இருக்கிறது. கிரேக்கத்தில் 'கிர்ரோஸ்' என்றால் பழுப்பு கலந்த மஞ்சள். ஸ்டெதாஸ்கோப்பைக் கண்டுபிடித்த பிரெஞ்சு மருத்துவர் லென்னெக், அறுத்துப் பார்த்த ஈரலின் நிறத்தை வைத்து 1819இல் இட்ட பெயர். (காமாலையின் மஞ்சளோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.) மேலோட்டமான பெயர்தான், ஆனாலும் ஒட்டிக்கொண்டது.

இந்தத் தழும்புக்கு ஒரு காரணம் ஹெபடைடிஸ் பி, சி வைரஸ்கள். அவை ஆண்டுக்கணக்கில் தங்கிவிட்டால், ஈரலைப் பெரும்பாலும் புண்ணாக்குவது வைரஸை விரட்டப் போராடும் நம் நோய் எதிர்ப்பாற்றல்தான். அந்த அழற்சியில், வைட்டமின் ஏ-யைச் சேமித்துக்கொண்டு ஈரலில் சும்மா கிடந்த ஸ்டெல்லேட் செல்கள் உருமாறி, கொலாஜன் நாரைச் சுரந்து தள்ளுகின்றன; அதுதான் தழும்பு. விசித்திரம் என்னவென்றால், ஹெபடைடிஸ் சி தானாகவே விலக உதவும் அதே இன்டர்ஃபெரான் லாம்டா (நோய் எதிர்ப்புப் புரதம்) மரபணு வகை, வைரஸ் விலகாதவர்களிடம் அழற்சியையும் தழும்பையும் கூட்டிவிடுகிறது. மருந்தால் வைரஸை ஒழித்தபின் தழும்பு ஓரளவு கரைவதும் உண்டு.