சிந்தனை மீட்சி: ஜொகூர் தமிழ்ப்பள்ளிகளில்

செய்து முடித்த வேலையைத் திரும்ப எண்ணிப் பார்த்து, எது பலித்தது, எது பலிக்கவில்லை, ஏன் என்று கண்டு, அடுத்த முறை மாற்றிச் செய்வது சிந்தனை மீட்சி. மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில் சுமார் 70 தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. அவற்றின் ஆசிரியர்களுக்கு இது அன்றாடப் பணியின் ஒரு பகுதி.

அனுபவத்தை ஆராய்ந்தால்தான் அது அறிவாகும் என்ற கருத்தை அமெரிக்கத் தத்துவ அறிஞர் ஜான் டூயி 1910-இலேயே விரிவாக எழுதினார். மற்றோர் அமெரிக்க அறிஞரான டொனால்ட் ஷோன் 1983-இல் அதைத் தொழில்களுக்குப் பொருத்தி, வேலையின் நடுவே சிந்திப்பதையும் வேலை முடிந்தபின் சிந்திப்பதையும் வேறுபடுத்தினார். பின்னக் கணக்கு நடத்தும்போது மாணவர் முகம் வாடுவதைக் கண்டு, வெண்பலகையை விட்டுக் காகிதத்தை மடித்துக் காட்டுவது முதல் வகை. வகுப்பு முடிந்தபின் அதை ஏட்டில் எழுதுவது இரண்டாவது.

நாள் பாடத்திட்டத்தின் கடைசிக் கட்டம் இதற்கே உரியது. அங்கே பெரும்பாலும் காணப்படுவது, ‘30 மாணவர்களில் 25 பேர் பாடநோக்கத்தை அடைந்தனர், எஞ்சியோருக்குக் குறைநீக்கல் நடவடிக்கை வழங்கப்படும்’ என்பது போன்ற வரி. இது கணக்கு மட்டுமே. அந்த ஐவரும் எங்கே இடறினர் என்பது இதில் இல்லை. ‘பகுதி எண்கள் வேறுபட்டதும் ஐவர் தடுமாறினர், காகிதத்தை மடித்துக் காட்டியதும் மூவர் தெளிந்தனர்’ என்று எழுதினால், மறுநாள் பாடத்தை எங்கிருந்து தொடங்குவது என்பது தெரிந்துவிடும். வேலைப்பளு மிகுந்த ஆசிரியர் பழைய வரியையே திரும்ப எழுதுவதைக் குறைகூற முடியாது. ஆனால் அதனால் இழப்பு மாணவருக்கே.

ஜொகூர் பாருவிலுள்ள துமெங்கோங் இப்ராஹிம் வளாகம் போன்ற ஆசிரியர் கல்விக் கழகங்களில், பயிற்சி ஆசிரியர்கள் பள்ளிப் பயிற்சிக் காலத்தில் சிந்தனை மீட்சிக் குறிப்பு எழுதி, வழிகாட்டி ஆசிரியரோடும் விரிவுரையாளரோடும் விவாதிக்கின்றனர். அதில் தென்படும் சிக்கல் ஒன்றே பிறகு அவர்கள் தம் வகுப்பில் தாமே நடத்தும் செயலாய்வுக்குத் தலைப்பாவதுண்டு. எழுதியதை இன்னொருவர் படித்துக் கேள்வி கேட்பதே இம்முறையின் உயிர்நாடி.

இப்படிப் பலர் சேர்ந்து சிந்திப்பது பள்ளிக்கு வெளியேயும் உண்டு. மலேசியத் தொழிற்சாலைகளில் அது பாதுகாப்பை ஒட்டி நிகழ்கிறது. 1994-ஆம் ஆண்டின் தொழில் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டப்படி, 40 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில் பாதுகாப்புக் குழு இருக்க வேண்டும். விபத்துகளை ஆராய்வதும் அதன் பணி.

பள்ளியில் அத்தகைய கூட்டு ஆய்வுக்கு வழிசெய்ய வேண்டியவர் தலைமையாசிரியர். பாடத்திட்ட ஏட்டில் கையொப்பமிடுவதோடு நில்லாமல், மாதம் ஒரு முறையேனும் அதிலுள்ள சிந்தனை மீட்சி வரிகளை முன்வைத்து அவர் தம் ஆசிரியர்களோடு பேச வேண்டும்.