அட்டவணைக்குச் சொந்தக்காரர் யார்?

நான் ஓய்வு பெறுவதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பு எங்கள் பிரிவில் இருந்த நண்பர் ஒருவர் மாரடைப்பில் காலமானார். குடும்ப ஓய்வூதியப் பதிவேட்டைக் கணினியில் ஏற்றியவர் அவர்தான். அட்டவணைகள் எல்லாம் அவர் பெயரிலேயே இருந்தன. கூடுதலாக ஒரு விவரம் சேர்க்க அட்டவணையின் அமைப்பை மாற்றப் போனோம்; நீ சொந்தக்காரன் இல்லை என்று கணினி மறுத்துவிட்டது. அவர் கணக்கை நீக்கவும் விடவில்லை. பொறியாளர் வந்து உரிமையை மாற்றித் தரும்வரை மூன்று வாரம் கோப்புகள் நகரவில்லை. காத்திருந்தவர்களில் நண்பரின் மனைவியும் ஒருவர்.

இந்த ஏற்பாடு எங்கிருந்து வந்தது என்று பிறகு தேடிப் படித்தேன். தகவல்களை அட்டவணைகளாக வைக்கலாம் என்று ஐ.பி.எம். நிறுவனத்தின் எட்கர் காட் 1970இல் எழுதினார். அதன்படி அமெரிக்காவில் சான் ஹோசே ஆய்வகத்தில் 'சிஸ்டம் ஆர்' உருவானது. அட்டவணையைப் படைத்தவருக்கே முழு உரிமை. அவர் விரும்பினால் பிறருக்கு வழங்கலாம், திரும்பப் பெறலாம் என்ற முறையை 1976இல் பெட்ரிசியா கிரிஃபித்ஸ், பிராட்ஃபோர்ட் வேட் இருவரும் விளக்கினார்கள். 'கிராண்ட்', 'ரிவோக்' என்ற கட்டளைகள் இதற்குத்தான். நான் உங்களுக்குக் கொடுத்ததை நீங்கள் மூன்றாமவருக்குக் கொடுத்திருந்தால், உங்களிடமிருந்து நான் பறிக்கும்போது அவருடையதும் போய்விடும். வேறொருவர் வழியாகவும் பெற்றிருந்தால்தான் அவருக்கு நிற்கும். நம் பவர் பத்திரம் போலத்தான்.

எல்லாம் சரி, ஆனால் உரிமை ஆளோடு ஒட்டிக்கொண்டது. ஆள் மாற்றலாவார், ஓய்வு பெறுவார், இறந்தும் போவார். இதற்கு மருந்துதான் 'ரோல்'. 1999ஆம் ஆண்டின் எஸ்.க்யூ.எல். தரநிலையில் அது இடம்பெற்றது. 2005இல் வந்த போஸ்ட்கிரெஸ் 8.1 பதிப்பு, பயனர், குழு என்ற இரண்டையும் ரோலாகவே ஆக்கியது. அதன்பின் ஒரு குழுவின் பெயரிலேயே அட்டவணை இருக்க முடிந்தது. ஆட்கள் அதில் சேரலாம், விலகலாம், சொத்து அசையாது.

பிரெஞ்சு வழியில் படித்த எனக்கு இந்தச் சொல் புதிதல்ல. நடிகரின் வசனம் எழுதிய காகிதச் சுருளுக்குத்தான் முதலில் 'ரோல்' என்று பெயர். நடிகர் மாறினாலும் சுருள் அடுத்தவர் கைக்குப் போகும். எங்கள் அலுவலகத்தில் அலமாரிச் சாவியும் அப்படித்தான், சார்ஜ் எடுப்பவரிடம் போகும். கணினிக்கு வந்தபோது மட்டும் அதை மறந்துவிட்டோம்.

உங்கள் பிள்ளைகள் கணினித் துறையில் இருந்தால் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: "அட்டவணை உன் பெயரில் இருக்கிறதா, பதவியின் பெயரில் இருக்கிறதா?"