நிறைகோல் சொல்லும் வரலாறு



ரயில் பாதை ஓரடியேனும் இல்லாத தீவுக் கூட்டத்தில் வாழும் தமிழர்களின் ஆண்டு மலரில் ரயில்வே குமாஸ்தா ஒருவன் எழுதப் புகுவது சிலருக்கு விந்தையாகத் தோன்றலாம். ஆயினும் யான் எடுத்துக்கொண்ட பொருள் எடை. நாள்தோறும் மூட்டைகளை நிறுத்து, நிறுத்ததைப் பேரேட்டில் குறிப்பது எங்கள் தொழில். அன்றியும், மனிதர்கள் தம்மைத் தாமே நிறுத்துப் பார்க்கும் பழக்கம் நம் நாட்டில் பரவியதற்கு ரயில் நிலையங்களும் ஒரு காரணம். நாணயத்தைப் போட்டதும் வண்ண விளக்குகள் மின்னி, ஒரு புறம் எடையும் மறு புறம் பலனும் அச்சிட்ட அட்டையைத் தள்ளும் அந்த எடை இயந்திரத்தை அறியாத பழைய பயணி எவரும் இரார். எடையை ஒரு முறை பார்த்துவிட்டுப் பலனை இரு முறை படிப்பது வழக்கம். அந்த அட்டை சொல்லாதது ஒன்றுண்டு. இவ்வுடலுக்கு உரிய எடை எவ்வளவு? அதை முடிவு செய்பவர் யார்?

இக்கேள்வி மருத்துவருக்கு மட்டும் உரியதன்று. இதற்கு ஒரு வரலாறும் உண்டு. அவ்வரலாற்றின் ஒரு பகுதி தமிழகத்திலும், மற்றொரு பகுதி நீங்கள் வாழும் இத்தீவுகளிலும் நிகழ்ந்தது. அதனை அறிந்தால், நம் வீட்டில் இன்று செய்யவேண்டிய முடிவும் தெளிவாகும்.

ஒரு ராத்தல் தானியம்

1876 முதல் 1878 வரை சென்னை இராஜதானியைத் தாது வருஷப் பஞ்சம் வாட்டியது. நிவாரண வேலைக்கு வந்த மக்களுக்கு எவ்வளவு உணவு கொடுத்தால் போதும் என்ற கேள்வி அப்போது எழுந்தது. செலவைக் குறைக்க வந்த சர் ரிச்சர்டு டெம்பிள், ஆடவன் ஒருவனுக்கு நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானியமும் ஓரணாவும் போதும் என்று 1877ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வகுத்தார். ஒரு ராத்தல் என்பது ஏறத்தாழ 454 கிராம். மண் வெட்டிச் சுமக்கும் உடம்புக்கு அது எம்மட்டு?

இராஜதானியின் சுகாதாரக் கமிஷனராக இருந்த டாக்டர் கார்னிஷ் அதனை வன்மையாக எதிர்த்தார். சிறையில் கடுவேலை செய்யும் கைதிக்கே இதைவிட மிகுதியாகக் கிடைக்கிறது. குற்றம் ஒன்றும் செய்யாத குடியானவனுக்கு இது தகுமா என்பது அவர் வாதம். அவ்வாண்டின் இடையிலேயே கூலி உயர்த்தப்பட்டது. அதற்குள் மாண்டவர்களை யார் மீட்பர்? ‘உயிர் தங்கப் போதுமான அளவு’ என்பதைப் பிறர் வகுத்தால் என்ன நேரும் என்பதற்கு இப்பஞ்சமே சான்று.

கைதியின் சீட்டில் எடை

1858ஆம் ஆண்டு மார்ச் மாதம் 10ஆம் நாள் இருநூறு கைதிகளுடன் போர்ட் பிளேரில் (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம் என வழங்கும் ஊர்) வந்திறங்கிய டாக்டர் வாக்கர் ஒரு மருத்துவர். சிறை நிர்வாகத்தில் பழகியவர். காட்டை வெட்டவும் கட்டடம் எழுப்பவும் ஆள்வோருக்குத் தேவைப்பட்டது உழைக்கும் உடம்பு. 1896இல் தொடங்கி 1906இல் முடிந்த செல்லுலார் சிறையில், செக்கில் பூட்டப்பட்ட கைதி நாளொன்றுக்கு முப்பது ராத்தல் தேங்காயெண்ணெய் ஆட்ட வேண்டும் என்று விதித்திருந்ததை நீங்கள் அறிவீர்கள். செக்கிழுக்கும் காளைகளும் அஞ்சும் வேலை அது.

இந்தியச் சிறைகளுக்காக 1894இல் இயற்றிய சட்டத்தில் ஒரு விதி உண்டு. வேலை செய்யும் கைதி ஒவ்வொருவரின் எடையையும் பதினைந்து நாட்களுக்கு ஒரு முறையேனும் மருத்துவ அதிகாரி அவருடைய சீட்டில் குறிக்கச் செய்ய வேண்டும். ஒரு வேலையினால் உடல் நலம் கெடுகிறது என்று அவர் கருதினால் அவ்வேலையினின்றும் கைதியை விலக்க வேண்டும். எழுத்தளவில் இது நல்ல விதியே. ஆயினும் அதன் நோக்கத்தை உற்று நோக்குங்கள். அந்த மனிதன் நெடுங்காலம் இனிது வாழ வேண்டும் என்பது அங்குக் கருத்தன்று. அவன் வேலைக்கு உதவாமற் போகலாகாது என்பதே கருத்து. எங்கள் கூட்ஸ் வண்டியின் பக்கத்தில் அது ஏற்கக்கூடிய சுமையை எழுதி வைத்திருப்பதைப் போன்றதே அதுவும்.

அத்தகைய இடத்தில்தான் அரசியல் கைதிகள் தங்கள் உடலையே ஆயுதமாக்கினர். 1933ஆம் ஆண்டு மே மாதத்தில் நடந்த உண்ணாவிரதத்தில், வலிந்து உணவூட்டப்பட்டதன் பின் மகாவீர் சிங், மோகன் கிஷோர் நாமதாஸ், மோகித் மொய்த்ரா ஆகிய மூவர் உயிர் நீத்தனர். 1937இல் மீண்டும் ஒரு பெரும் உண்ணாவிரதம் நடந்தது; அதன் பயனாக 1938இன் தொடக்கத்திற்குள் அரசியல் கைதிகள் தாயகம் அனுப்பப்பட்டனர். தம் உடம்பு தமக்கே உரியது என்பதை அவர்கள் உலகுக்கு உணர்த்தினர்.

பசி விட்டுச் சென்ற பாடம்

1942 மார்ச் முதல் 1945 அக்டோபர் வரை இத்தீவுகள் ஜப்பானியர் வசம் இருந்தன. கப்பல் வரத்து அற்றுப்போனதும் அரிசி அருகிற்று. இறுதியாண்டில் கிழங்கும் இலையுமே பலருக்கு உணவாயின. 1945 ஆகஸ்டில், உணவைத் தின்னும் வீண் வாய்கள் என்று கருதப்பட்ட சில நூறு பேரைப் படகுகளில் ஏற்றி ஹேவ்லாக் தீவின் பக்கம் கொண்டுபோய்க் கடலில் தள்ளிய கொடுமையும் நிகழ்ந்தது. கரை சேர்ந்தவர்களிலும் பெரும்பாலோர் பசியால் மாண்டனர்.

பின்னர் தமிழர்கள் பலர் இங்கு வந்தனர். துறைமுகத்திலும், சாலையிலும், கட்டடத்திலும் உழைத்தனர். 1964ஆம் ஆண்டின் சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தத்தின் பின் இலங்கையிலிருந்து திரும்பிய குடும்பங்களில் சில, கச்சால் தீவின் ரப்பர்த் தோட்டத்தில் குடியமர்ந்தன. விடியுமுன் எழுந்து, மரத்துக்கு மரம் நடந்து பால் வெட்டியவர்களுக்கு ஒரு தட்டுச் சோறு மிகையன்று.

பசியைக் கண்ட தலைமுறை, பருத்த உடலைக் கண்டு மகிழ்வது இயல்பு. ‘பூசினாற்போல் இருக்கிறாள்’ என்பது நம் வீடுகளில் புகழுரை. ‘இளைத்துவிட்டாயே’ என்பது இரக்கவுரை. மெலிவு வறுமைக்கும் நோய்க்கும் அடையாளமாக இருந்த காலத்தில் பிறந்த சொற்கள் இவை. அவற்றைப் பழிப்பது தகாது. ஆனால் பாட்டனார் சுமந்த மூட்டையைப் பேரன் சுமக்கவில்லை. பாட்டனார் உண்ட சோற்றை மட்டும் உண்கிறான். 2019–21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநல ஆய்வு, இத்தீவுகளில் ஆண்களில் நூற்றுக்கு நாற்பதுக்கு மேற்பட்டோர் மிகையெடை உடையோர் என்று காட்டிற்று. தமிழ்நாட்டுப் பெண்களிலும் நூற்றுக்கு ஏறத்தாழ நாற்பது பேர் அவ்வாறே.

யாரை வைத்து வரைந்த அட்டவணை?

சரி, உரிய எடை எது என்று அறிவியலைக் கேட்போம். பெல்ஜிய நாட்டு வானியல் அறிஞர் கெத்தலே என்பவர், வளர்ந்த மனிதரின் எடை உயரத்தின் வர்க்கத்தை ஒட்டி அமைகிறது என்று 1830களில் கண்டார். கூட்டத்தின் சராசரியைக் காண்பதே அவர் நோக்கம். தனி மனிதனின் நோயைக் காண்பதன்று. அதன்பின் அமெரிக்காவின் மெட்ரோபாலிடன் ஆயுள் காப்பீட்டுக் கம்பெனி 1940களிலும் 1959இலும் உயர–எடை அட்டவணைகளை வெளியிட்டது. பாலிசி எடுத்தவர்களில் யார் முன்னதாக இறந்தனர் என்ற கணக்கிலிருந்து பிறந்தவை அவை. அவ்வட்டவணைகளே பிற நாடுகளுக்கும் பரவின.

1972இல் ஆன்சல் கீஸ் என்ற அமெரிக்க அறிஞர் கெத்தலேயின் கணக்குக்கு ‘உடல் நிறை குறியீட்டெண்’ என்று பெயரிட்டார். கிலோகிராமில் உள்ள எடையை, மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுத்து வருவது அது. இதே கீஸ் 1944–45இல் முப்பத்தாறு இளைஞர்களை ஏறத்தாழ ஆறு மாதம் அரைப்பட்டினியில் வைத்து ஆராய்ந்தவர். அவர்கள் எடையில் நாலில் ஒரு பங்களவு இழந்தனர், மனம் சோர்ந்தனர், இரவும் பகலும் உணவையே நினைத்தனர். பட்டினி கிடந்து எடை குறைக்க விரும்பும் இளைஞர்களும் நங்கையரும் இதனை நினைவிற் கொள்க.

ஆனால் அயலாருக்கு வகுத்த எல்லை நமக்குப் பொருந்துமா? புனே நகரத்து டாக்டர் யாஜ்னிக்கும் இலண்டன் நகரத்து டாக்டர் யட்கினும் 2004இல் தம் உடல்களையே சான்றாகக் காட்டினர். இருவருக்கும் குறியீட்டெண் ஒன்றே: 22.3. ஆயினும் யட்கின் உடலில் கொழுப்பு நூற்றுக்கு 9.1 பங்கு; யாஜ்னிக் உடலில் 21.2 பங்கு. நிறைகோல் இருவரையும் ஒன்றென்றது, உள்ளிருப்பு வேறாயிருந்தது. மெலிந்து தோன்றும் இந்தியர் பலருக்கு வயிற்றைச் சுற்றிக் கொழுப்பு சேர்வதும், அதனால் குறைந்த எடையிலேயே நீரிழிவு வருவதும் இதனால் விளங்கின. அதே ஆண்டில் உலக சுகாதார நிறுவனத்தின் வல்லுநர் குழு, ஆசிய மக்கள் 23 என்ற எண்ணிலேயே விழிப்படைய வேண்டும் என்றது. 2009இல் இந்திய மருத்துவ அறிஞர்கள் கூடி, 22.9 வரை உரிய அளவு, 23 முதல் மிகையெடை, 25 முதல் உடற்பருமன் என்று வகுத்தனர். இடைச் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரையும் பெண்களுக்கு 80 சென்டிமீட்டரையும் தாண்டலாகாது என்றனர்.

ரயில்வேயிலும் இம்முறை உண்டு. கனம் குறைந்து இடத்தை அடைக்கும் பார்சலுக்கு, நிறையை மட்டும் பாராது நீள அகல உயரத்தை அளந்தே கட்டணம் விதிப்போம். அதுபோல், தராசோடு அளவு நாடாவும் வீட்டில் இருத்தல் வேண்டும்.

நம் அளவை நாமே குறிப்போம்

165 சென்டிமீட்டர் உயரமுள்ள ஆடவருக்கு உரிய எடை ஏறத்தாழ 50 கிலோ முதல் 62 கிலோ வரை. 152 சென்டிமீட்டர் உயரமுள்ள பெண்மணிக்கு 43 முதல் 53 வரை. இஃது ஓர் எல்லையே அன்றி ஒற்றை எண் அன்று. மேற்சொன்ன ஆடவர் 78 கிலோ இருப்பாராயின், 62ஐ உடனே எட்ட வேண்டும் என்று உறுதி பூண்டால் ஒரு மாதத்தில் மனம் தளர்வார். முதற்குறி நூற்றுக்கு ஐந்து பங்கு, அதாவது நான்கு கிலோ. ஆறு மாதத்தில் அது கைகூடின் அடுத்த குறி. அச்சிறு குறைவுக்கே இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பலருக்குத் தணிகின்றன.

எடை குறையாவிடினும் முயற்சி வீணன்று என்பதற்குச் சென்னையே சான்று. டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர், நீரிழிவின் வாயிலில் நின்ற 531 பேரை மூன்றாண்டு கண்காணித்து 2006இல் முடிவு வெளியிட்டனர். உணவைத் திருத்தி நடை பயின்ற பிரிவினருக்கு எடை பெரிதும் மாறவில்லை. எனினும் நீரிழிவு வரும் அளவு, அறிவுரை பெறாத பிரிவினரைவிட நூற்றுக்கு 28.5 பங்கு குறைந்தது. ஆகவே, எண் இறங்கவில்லையே என்று நடையை நிறுத்துவோர் நட்டத்துக்கு உள்ளாவர்.

18.5க்குக் கீழே இருப்பதும் நலமன்று. முயலாமலே எடை இறங்குமாயின் அதனை வரமென்று எண்ணாது மருத்துவரைக் காண வேண்டும். கருவுற்ற தாய்மார்க்கும், வளரும் சிறார்க்கும், முதியோர்க்கும் இக்கணக்கு அப்படியே பொருந்தாது. அவர்கள் குறியை மருத்துவரே சொல்ல வேண்டும். வீட்டில் எல்லோருக்கும் பரிமாறிவிட்டு மிஞ்சியதை உண்ணும் இல்லத்தரசியின் எடையையும், மிஞ்சியதை வீணாக்க மனமின்றி அவர் உண்ணும் சோற்றையும் நாம் கவனித்ததுண்டா? குடும்பத்தின் கணக்கு அங்கிருந்தே தொடங்கட்டும்.

வள்ளுவர் ‘மருந்து’ என்று பெயரிட்ட அதிகாரத்தில் மருந்தைவிட உணவின் அளவைப் பற்றியே மிகுதியும் கூறினார். உண்டது செரித்ததை அறிந்து, உடலுக்கு ஏற்றதை அளவறிந்து உண்பதே அவர் கண்ட வழி. அவ்வளவைப் பஞ்ச காலத்தில் அதிகாரி வகுத்தார். சிறையில் மேலாளர் வகுத்தார். பின்னர் காப்பீட்டுக் கம்பெனி வகுத்தது. இன்று அதை வகுக்கும் உரிமை நம்மிடம் வந்திருக்கிறது. இத்தீவில் மீனுக்கும் கீரைக்கும் பஞ்சமில்லை; மாலையில் நடக்கக் கடற்கரைக்கும் குறைவில்லை. அடுத்த ஆண்டு விழாவுக்குள் காலனியின் ஒவ்வொரு வீட்டிலும் பெரியவர்களின் உயரமும், எடையும், இடைச் சுற்றளவும் ஒரு தாளில் எழுதப்பட்டு, பக்கத்தில் அவரவர் குறியும் எழுதப்பட்டிருக்குமாயின், சங்கம் இம்மலரை வெளியிட்டதன் பயன் முழுமை பெறும்.