நியமம் கடந்த படவோட்டங்கள்

அனுப்புவோரும் பெறுவோரும் ஒரே நியமத்தைக் கைக்கொண்டாலன்றித் தொலைக்காட்சி நிகழாது. எனினும், நியமத்துக்குப் புறம்பானது எனப்படுவது பலவேளைகளிற் பெறும் கருவியின் குறுக்கமே என்பதை இலக்கமுறைத் தொலைக்காட்சியின் வரலாறு புலப்படுத்துகின்றது.

1982 ஆம் ஆண்டிற் கலையகங்களுக்கென அனைத்துலக நியமம் ஒன்று வகுக்கப்பட்டது. அதன்படி வரியொன்றுக்கு 720 ஒளிர்வு மாதிரிகளும், நிறக்கூறு ஒவ்வொன்றுக்கும் 360 மாதிரிகளும் எடுக்கப்பட்டன. மனிதக் கண் ஒளிர்வை உணருமளவு நுணுக்கமாக நிறத்தை உணர்வதில்லை என்பதே இதற்குக் காரணமாகும். பின்னர் எழுந்த எம்பெக்-2 முறையில், வீடுகளுக்குரிய வகுப்பில் நிறத்தகவல் மேலும் பாதியாகக் குறைக்கப்பட்டது. 1993 இல் ஐரோப்பாவில் அமைந்த டி.வி.பி. கூட்டமைப்பின் ஒளிபரப்புக்களும் இவ்வகுப்பையே தழுவின.

ஆயின், விளையாட்டுக் களத்திலிருந்து நிலையத்துக்குச் செய்மதிவழி அனுப்பப்படும் படம் பன்முறை தொகுக்கப்படுவது. நிறம் குன்றிய படம் அதனைத் தாங்காது. எனவே 1996 இல் 4:2:2 என்னும் வகுப்புச் சேர்க்கப்பட்டது. சாதாரண தெளிவுப் படத்துக்கு வீட்டு வகுப்பின் உச்சவேகம் செக்கனுக்கு 15 மெகாபிற்று; புதிய வகுப்பினதோ 50. இதுவும் நியமமே; ஆயினும் வீட்டுக் கருவிக்கு அந்நியமாயிற்று. ஒலி கேட்கும், படமோ தோன்றாது. பழுது செய்மதியிலுமன்று, அலைவாங்கியிலுமன்று. ஒரு வகுப்புக்கென்றே ஆக்கப்பட்ட சில்லிலேயே தடை இருந்தது.

வேறோர் இடர்ப்பாடும் உண்டு. ஓட்டம் 188 பைற்றுப் பொதிகளாக வரும். எவ்வெண்ணுடைய பொதி படம், எது ஒலி என்பதை அட்டவணைகள் உரைக்கும். தற்காலிக ஓட்டங்களில் அவை குறைவுபடின், அவற்றையே நம்பிய கருவி ஒன்றையும் காணாது.

இத்தடைகளைத் தளர்த்தியது மென்பொருளே. 2000 இல் பிரான்சின் பபிரிசு பெல்லார் தொடங்கிய எவ்வெவ்எம்பெக்கும், பாரிசு மாணவரின் முயற்சியாகத் தோன்றி 2001 இற் கட்டற்ற உரிமத்தின்கீழ் வெளிவந்த வி.எல்.சி.யும் படத்தைக் கணினியிலேயே விரிக்க வழிசெய்தன. புதிய வகுப்பை ஏற்கச் சில்லை மாற்றவேண்டியதில்லை. நிரலைத் திருத்தினாற் போதும். அட்டவணை இல்லாதவிடத்துப் பொதியின் எண்ணைக் கையால் இடலாம். படவோட்டத்தின் தலைப்பகுதியைப் படித்து அளவையும் நிறவமைப்பையும் அறியலாம்.

அனுப்புங்கால் கண்டிப்பும் ஏற்குங்கால் தாராளமும் வேண்டுமென 1980 இல் யோன் பொசுற்றல் கணினி வலையமைப்புக்கு வகுத்த நெறி ஈண்டும் பொருந்தும். ஆயினும் தாராளம் அளவிறத்தலாகாது. பிழை யாவும் பொறுக்கப்படின் அனுப்புவோர் திருந்தார். தலைப்பு உரைக்கும் அளவை ஆராயாது நம்பும் மென்பொருளோ நிலைகுலையும். ஏற்பதற்குமுன் ஆராய்தலும், ஆராய்ந்தபின் இயன்றவரை ஏற்றலுமே நல்ல வாங்கியின் இலக்கணமாகும்.