குடகு மழையும் மேட்டூர்க் கணக்கும்

சித்திரை பிறந்துவிட்டால், எங்கள் ஜலகண்டாபுரத்துப் பக்கத்தில் இருவர் சந்தித்ததும் கேட்டுக்கொள்ளும் கேள்வி, "மேட்டூரில் எத்தனை அடி?" என்பதாகும். தெருவில் பாவு நீட்டிக் கஞ்சி தோய்க்கும் நெசவாளரும் கேட்பார். நிலக்கடலை விதைப்பதற்குக் கொல்லையை உழுது போட்டிருக்கும் குடியானவரும் கேட்பார். அணை எங்களுக்கு அதிகத் தொலைவில் இல்லை. ஆயினும் எங்கள் செம்மண் மேட்டுக்கு அந்த நீர் தானாக ஏறி வருவதில்லை. அது தஞ்சைக்கும் நாகைக்கும் போகிற நீர். இருந்தும் கேட்கிறோம். பண்ணவாடியில் மூழ்கிக் கிடக்கும் ஜலகண்டேசுவரர் கோயிலின் நந்தி, நீர் எண்பதடியை ஒட்டி இறங்கும்போது தலை காட்டும். நந்தி தெரிகிறதா இல்லையா என்பதைக் கொண்டே வரும் ஆண்டைப் பற்றிப் பேசும் பெரியவர்கள் எங்களிடையே உண்டு.

வறண்ட நாட்டில் வாழ்வோர், கோடைத் தொடக்கத்திலேயே ஆற்றின் வரவைக் கணிக்க முயல்வது உலகெங்கும் உள்ள வழக்கம். அமெரிக்காவில் நெவாடா என்றொரு மாநிலம். பெரும்பகுதி உயர்ந்த பாலை நிலம். அங்கே இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜேம்ஸ் சர்ச் என்ற பேராசிரியர் மலைமேல் ஏறி, உட்குழலான ஒரு நீண்ட குழாயைப் பனியில் செருகி, அதில் ஏறிய பனியை நிறுத்துப் பார்த்தார். அந்த எடையைக் கொண்டு, பனி உருகியபின் டாஹோ ஏரி எவ்வளவு உயரும் என்று முன்கூட்டியே சொன்னார். அவர் பல்கலைக்கழகத்தில் கற்பித்த பாடம் விஞ்ஞானமன்று, லத்தீன்! மொழியாசிரியர்களைக் கணக்கு வாராதவர்கள் என்று நினைப்போர் இதை நினைவிற் கொள்வார்களாக.

அந்த நாட்டாருக்கு ஒரு வசதி உண்டு. வசந்த காலத்தில் அவர்களுடைய ஆற்று நீர் ஏற்கெனவே மலைமேல் பனியாகக் கிடக்கிறது. களஞ்சியத்து நெல்லை அளப்பதுபோல அதை அளந்துவிடலாம். நமக்கோ, சித்திரையில் காவிரியின் நீர் இன்னும் கடலில் இருக்கிறது. ஆனியிலும் ஆடியிலும் அது மேகமாகி, குடகிலும் வயநாட்டிலும் பெய்து, கிருஷ்ணராஜ சாகரத்தையும் கபினி அணையையும் கடந்து பிலிகுண்டுலு வழியே மேட்டூருக்கு வரவேண்டும். நாம் கணிக்க வேண்டியது இருப்பை அன்று, வரவை.

இந்த வரவைக் கணிக்கும் முயற்சி நம் நாட்டில் ஒரு பெரும் துயரத்தின் பின் வேகம் பெற்றது. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய தாது வருஷப் பஞ்சத்தில் சேலம் மாவட்டம் பட்ட பாடு கொஞ்சமன்று. வானிலைத் துறை அதற்குச் சற்று முன்னர், 1875இல் அமைந்திருந்தது. அதன் தலைவரான ஹென்றி பிளான்போர்டு, இமயத்தில் பனி மிகுந்த ஆண்டுகளில் வடமேற்கு இந்தியாவில் மழை குன்றுவதைக் கண்டு, அதனை அடிப்படையாகக் கொண்டு 1886 ஜூன் 4இல் பருவமழைக்கான முதல் முறையான முன்னறிவிப்பை வெளியிட்டார். பின்வந்த ஜான் எலியட் 1899இல் மழை மிகுதி என்று அறிவித்தார். அவ்வாண்டு கடும் வறட்சி வந்தது. பத்திரிகைகள் சாடவே, சில ஆண்டுகள் இந்த அறிவிப்பு அரசாங்கத்துக்குள் மட்டும் இரகசியமாகச் சுற்றி வந்தது. உழவனுக்குச் சொல்லாத மழைச் செய்தியால் யாருக்கு என்ன பயன் என்று எனக்கு விளங்கவில்லை.

1904இல் பொறுப்பேற்ற கில்பர்ட் வாக்கர் கணித மேதை. உலகின் பல பாகங்களிலிருந்து காற்றழுத்தம், வெப்பம், மழை ஆகியவற்றின் கணக்குகளைத் திரட்டி, இந்திய மழையோடு அவற்றுக்குள்ள தொடர்பைக் கணக்கிட்டார். பசிபிக் கடலுக்கும் இந்துமாக் கடலுக்கும் இடையே காற்றழுத்தம் ஏற்றப்பலகைபோல் ஏறி இறங்குவதைக் கண்டு, அதற்குத் 'தென் அலைவு' எனப் பெயரிட்டார். இவர்தாம், 1913இல் சென்னைக்கு வந்தபோது இராமாநுசனின் கணக்குகளைப் பார்த்துவிட்டு, அவருக்கு உதவ வேண்டும் என்று பல்கலைக்கழகத்துக்கு எழுதியவர். காவிரிக்கரை ஈரோட்டில் பிறந்த அந்த இளைஞருக்கு மாதம் 75 ரூபாய் உதவித்தொகை கிடைத்தது. வாக்கரின் மழைக்கணக்குகளில் பிழை கண்டவர்கள் உண்டு. இந்தக் கணிப்பில் எவரும் பிழை காணவில்லை.

இனிக் காவிரிக்கு வருவோம். 1924ஆம் ஆண்டு அவ்வாற்றின் வரலாற்றில் மறக்கவொண்ணாதது. பிப்ரவரி 18இல் மைசூருக்கும் சென்னைக்கும் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. ஜூலையில் மேற்குத்தொடர் மலையில் பேய்மழை கொட்டிற்று. மலையின் மேற்கே கேரளத்தார் இன்றும் 'தொண்ணூற்றொன்பதின் வெள்ளம்' என்று சொல்லும் பெருவெள்ளமும், கிழக்கே காவிரிக்கரையை அழித்த வெள்ளமும் அந்த ஒரே மழையின் இரு கைகள். மறு ஆண்டு மேட்டூர் அணை வேலை தொடங்கி, 1934 ஆகஸ்டு 21இல் கவர்னர் ஸ்டான்லியால் திறக்கப்பட்டது. முழு உயரம் 120 அடி, கொள்ளளவு 93.47 டி.எம்.சி., அதாவது 9,347 கோடி கன அடி. குடகின் மழையைச் சேர்த்து வைத்து அளக்க இயலும் களஞ்சியம் நமக்கும் கிடைத்தது.

ஜூன் 12ஆம் நாள் அணையைத் திறப்பது மரபு. இந்தத் தேதியைப் பலரும் ஒரு சடங்கு என்றே எண்ணுகிறார்கள். என் எண்ணத்தில் அது ஒரு முன்னறிவிப்பு. கேரளத்தில் ஜூன் முதல் தேதியை ஒட்டிப் பருவமழை தொடங்கும். அணையில் இருக்கிற நீரைக் குறுவைக்குக் கொடுத்துக்கொண்டே இருந்தால், அது தீருமுன் குடகு மழை வந்து சேரும் என்ற நம்பிக்கையே அந்தத் தேதியாக உருக்கொண்டது.

அந்த நம்பிக்கை 2023இல் என்ன ஆயிற்று? நாடு முழுமைக்கும் மழை நூற்றுக்கு 96 பங்கு இருக்கும் என்று ஏப்ரலில் வானிலைத் துறை அறிவித்தது; எல் நீனோ வரக்கூடும் என்றும் சேர்த்தே சொன்னது. முடிவில் பெய்தது 94 பங்கு. ஏறத்தாழச் சரியான கணிப்பு! ஆனால் அந்த ஆகஸ்டு மாதம், 1901 முதல் உள்ள கணக்குகளில் மிக வறண்ட ஆகஸ்டாக அமைந்துவிட்டது. ஜூன் 12இல் நூறடிக்கு மேல் நீரோடு திறந்த மேட்டூர் அணை, வரவின்றி வற்றி, அக்டோபர் 10இல் பாசனத்துக்கு மூடப்பட்டது. கடைமடையில் குறுவைப் பயிர் காய்ந்தது. அறிவிப்பு பொய்க்கவில்லை, உழவனுக்கு வேண்டியது அந்த அறிவிப்பில் இல்லை. 2016இலும் இதே கதைதான். நாட்டு மழை 97 பங்கு. 'இயல்பு' என்று பெயர். காவிரி மேற்படுகையிலோ பற்றாக்குறை. மேட்டூர் திறந்தது செப்டம்பர் 20இல். பாரதம் முழுவதற்கும் எடுத்த சராசரியில் குடகின் ஒரு மலைச்சரிவு காணாமற் போய்விடுகிறது.

வெள்ளக் கணிப்பின் கதை வேறு. நாட்டில் முதன்முதலாக 1958இல் டில்லியில் யமுனைக்கு அது தொடங்கிற்று. மேலே பெய்துவிட்ட மழை கீழே வந்து சேரும் நேரத்தை அறிவது அவ்வளவு கடினமன்று. 2018இல் 1924போலவே கேரளமும் காவிரியும் ஒருங்கே பெருகின. மேட்டூரிலிருந்து விநாடிக்கு 2 லட்சம் கன அடிக்கு மேல் நீர் போயிற்று. திருச்சியில் கொள்ளிடத்துப் பழைய பாலம் இடிந்தது, முக்கொம்பு மேலணையில் 9 மதகுகள் சரிந்தன. ஆயினும் வெள்ளத்துக்கு முன்னரே செய்தி கரையோரத்துக்குப் போய்ச் சேர்ந்திருந்தது.

அந்த ஆடியில் ஒரு மாணவன் என்னிடம் வந்து, "ஐயா, இத்தனை தண்ணீர் கடலுக்குப் போகிறதே, நம்ம ஏரி ஏன் காய்ந்து கிடக்குது?" என்று கேட்டான். பள்ளி முற்றத்து மழைமானியைத் தினமும் காலையில் பார்த்துக் குறித்து வந்த பையன் அவன். ஏற்றம், இறக்கம், நிலமட்டம் என்று பாடம் சொன்னேன். அவன் முகம் தெளியவில்லை.

அவன் கேள்விக்கு இரண்டாண்டில் ஒருவாறு விடை தொடங்கிற்று. 565 கோடி ரூபாயில், மேட்டூரின் உபரிநீரைத் திப்பம்பட்டியில் இறைத்து, சரபங்கா வடிநிலத்திலுள்ள வறண்ட 100 ஏரிகளுக்குக் கொண்டுசெல்லும் திட்டத்துக்கு 2020இல் அடிக்கல் நாட்டப்பட்டது. 2021 முதல் நீர் வரத் தொடங்கியது. உபரிநீர் என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். அணை நிறைந்தால்தான் எங்களுக்கு. ஆகவே, எங்கள் ஏரிகளும் இப்போது குடகு மழையை எதிர்நோக்கத் தொடங்கிவிட்டன.

இப்போது ஏப்ரல் நடுவில் ஒரு முறையும் மே இறுதியில் ஒரு முறையும் வானிலைத் துறையின் பருவமழை அறிவிப்பு வருகிறது. வானொலியாரிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. மேட்டூர் நீர்மட்டத்தை வாசிக்கும்போது, தலைக்காவிரி, பாகமண்டலத்து மழையளவையும், கிருஷ்ணராஜ சாகரம், கபினி அணைகளின் இருப்பையும், பிலிகுண்டுலுவில் அன்று கடந்த நீரையும் சேர்த்து வாசிக்க வேண்டும். வைகாசி பிறந்ததும் தொடங்கினால், குறுவைக்கு நாற்று விடுவதா, பொறுப்பதா என்று முடிவு செய்யத் தஞ்சை உழவருக்கு உதவும். எங்கள் ஊராரும் நந்தியின் தலையோடு அதையும் ஒப்பிட்டுக்கொள்வார்கள்.